முப்பிடாதி கட்டிய பாலம்

எங்கள் நெடுங்குளம் பேரூராட்சியில் கட்டிய எதுவும் கட்டிய இடத்தில் நிற்காது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள், அதில் பாதி உண்மை, மீதிப் பாதி பொறாமை. கட்டிய எதுவும் நாற்பது நாள் ஒழுங்காக நிற்கும், நாற்பத்தோராம் நாள் பொழுது விடியும்போதுதான் கிளம்பும், கிளம்பினால் டெண்டர் எடுத்துக் கட்டியவர் யாரோ அவருடைய வீட்டைத் தேடிப் போய் வாசலில் நின்றுகொள்ளும், இவ்வளவுதான் விஷயம்.

முதன்முதலில் போனது பஸ் ஸ்டாப். வடக்கே எங்கோ இருந்து வந்த கான்ட்ராக்டர் கட்டியது. முதல் பஸ்ஸுக்காக இருட்டு பிரிவதற்கு முன்பே வந்து அதற்குள் உட்கார்ந்திருந்த வாழையிலை வியாபாரியும், மகள் வீட்டுக்குப் புறப்பட்ட ஓர் அம்மாளும் அதோடு சேர்ந்து போனார்கள். ஏன் குதித்து இறங்கவில்லை என்று பிறகு கேட்டதற்கு, போக வேண்டிய திசையில்தான் போனது, டிக்கெட்டும் கேட்கவில்லை, எதற்கு இறங்க வேண்டும் என்று அந்த அம்மாள் எங்களையே திருப்பிக் கேட்டாள். கான்ட்ராக்டரின் மனைவி இருவருக்கும் காபி கொடுத்து அனுப்பிவைத்தாளாம், நல்ல மனுஷி.

அடுத்து சத்துணவுக் கூடம் போனது, சமுதாயக் கூடம் போனது, மேல்நிலைத் தொட்டி நான்கு காலையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் போனது, நாங்களும் பழகிக்கொண்டோம். நாற்பதாம் நாள் சாயங்காலமே புதுச் சுவரில் காயப்போட்ட துணிகளைப் பெண்கள் எடுத்துவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று டாட்டா காட்டுவார்கள். கல்யாணப் பத்திரிகையில் 'சமுதாயக் கூடம், அன்றைக்கு இருந்தால்' என்று அச்சடித்தோம், அச்சகத்துக்காரர் அதை ஒரு பிழையாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

பேரூராட்சித் தலைவர் பேச்சித்தாய் மட்டும் பழகிக்கொள்ள மறுத்தார். பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த கை அவருடையது, எதையும் பாதியில் விடாது. மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று, “ஊருக்கு வேல செய்யுதவன் ஊர்ல இருக்கணும். அவன் வீடு இங்க இருந்தா, கட்டுனது எங்கவே போவும்?” என்று கேட்டார். நெடுங்குளத்தில் குடியிருக்கும் ஒப்பந்ததாரருக்கே முன்னுரிமை, வெளியூர்க்காரர் குறைந்த தொகை கேட்டிருந்தாலும் உள்ளூர்க்காரருக்கே வேலை, குடியிருப்பதற்கு கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

இதில் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தோம். குடியிருப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பார்த்ததில், புது வீட்டுக்குப் போகிறவர்கள் பால் காய்ச்சுகிறார்கள், ஆகவே பால் காய்ச்சினால் குடியிருப்பதாகத்தானே அர்த்தம் என்று முடிவுசெய்து, கடைத்தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து 'கான்ட்ராக்டர் வீடு' என்று பெயர் வைத்தோம். வெளியூர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், பால் காய்ச்சினார்கள், எங்களுக்கும் ஆளுக்கு அரை டம்ளர் கொடுத்தார்கள், சான்று வாங்கினார்கள், வேலை செய்தார்கள். ஒரே வருஷத்தில் அந்த வீட்டில் ஐந்து பேர் பால் காய்ச்சினார்கள், ஐந்து பேர் கட்டியதும் போய்விட்டது. கட்டடங்கள் சான்றிதழைப் படிப்பதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

சரி, பச்சை உள்ளூர்க்காரரையே பிடிப்போம் என்று சிவனணைந்தபெருமாளிடம் போனோம். எட்டுத் தலைமுறையாக இந்த ஊர், நான்கு தெருவில் சொந்தம், அவருக்கு எந்தச் சான்றும் தேவையில்லை. அவர் சிமெண்டில் அழகான வாறுகால் கட்டினார், சாக்கடைத் தண்ணீர்கூட அதில் சந்தோஷமாக ஓடியது. நாற்பத்தோராம் நாள் அந்த வாறுகால் தன்னைத் தெருவிலிருந்து உரித்து எடுத்துக்கொண்டு, தெரு மூலையில் வளைந்து, நெடுஞ்சாலையில் ஏறி, நேராகச் சென்னைக்குப் போய், அவருடைய மகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கேட்டில் படுத்துக்கொண்டது. சிவனணைந்தபெருமாள் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார்.

“எனக்கே தெரியாது தாயி. பேத்தி அங்க இருக்கால்லா. எம்மனசு அங்கதான் கெடக்குன்னு எனக்கே தெரியாமப் போச்சே” என்றார். பேச்சித்தாய் அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரமே அவர் பேத்தியிடம் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இப்படியாக ஒருவரும் இல்லாமல் போன சமயத்தில்தான் பாலத்துக்குப் பணம் ஒதுக்கி உத்தரவு வந்தது. ஊருக்குக் கிழக்கே காட்டோடை, ஓடைக்கு அந்தப் பக்கம் கீழக்கரையில் நாற்பது வீடுகள். மழை இறங்கினால் கீழக்கரைக்குப் பள்ளியும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. முந்தின ஐப்பசியில் நிறைமாதமாக இருந்த ஒரு பெண்ணைக் கதவுப் பலகையில் படுக்கவைத்து, நெஞ்சளவு தண்ணீரில் ஆறு பேர் பிடித்து இக்கரை சேர்த்தார்கள், சேர்ந்த மாத்திரத்தில் ஈரமணலிலேயே பிள்ளை பிறந்தது. அந்த ஆறு பேரில் ஐந்து பேர் ஆண்கள். ஆறாவது ஆள் முப்பிடாதி.

முப்பிடாதி எங்கள் ஊர்க்காரி இல்லை, அல்லது அப்படித்தான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த மேல்நிலைத் தொட்டி கட்ட வந்த கூட்டத்தோடு வந்தவள், அவள் புருஷன் கொத்தனார், அவள் அவனுக்குச் சித்தாள். வேலை முடிகிற வாரத்தில் காய்ச்சல் கண்டு புருஷன் செத்தான், ஓடைக்கரையில்தான் எரித்தார்கள். கூட்டம் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது, அவள் போகவில்லை. சிமெண்டு மூட்டை வைக்கக் கீழக்கரையில் போட்டிருந்த தகரச் செட்டிலேயே இருந்துவிட்டாள். அந்தத் தொட்டி ஊரைவிட்டுப் போன காலையில், ஓடையைத் தாண்டும்போது அவளுடைய செட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனது, அவளும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் அதைப் பார்த்தோம், பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம்.

பிறகு அவளே கொத்துக்கரண்டி பிடித்தாள், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, சுவர் என்று வீடுவீடாகக் கட்டிக்கொடுத்தாள், டெண்டர் இல்லாத வேலை என்பதால் அவை எங்கும் போகவில்லை. மகளிர் குழுவின் உதவியோடு கடைசி வகுப்புக் கான்ட்ராக்டராகப் பதிவும் செய்துகொண்டாள், பதிவுக்கு முகவரி வேண்டுமே என்று பிறந்த ஊரான ஆலங்கிணற்றின் முகவரியைக் கொடுத்தாள். ஆனால் இத்தனை வருஷத்தில் தன் பெயரில் ஒரு டெண்டர்கூடப் போடவில்லை. வேலை முடிந்து டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தால் யாராவது “எங்க, கெளம்பியாச்சா?” என்பார்கள், “ஆமா, செட்டுக்கு” என்பாள், வேறு வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை.

பேச்சித்தாய் ஓடையில் இறங்கி நடந்து அவளுடைய செட்டுக்குப் போனார்.

“நீ எடுத்துச் செய்யிக்கா.”

“வேணாம் தாயி. வேற யாராச்சும் எடுக்கட்டும், நான் சித்தாளா நிக்குதேன்.”

“வேற யாரு இருக்கா?”

“போயிட்டுன்னா?”

“போனா போகட்டும். போகாம எது நின்னுருக்கு நம்ம ஊர்ல?”

“ஒங்களுக்குப் பாலந்தான் போவும்” என்றாள் முப்பிடாதி. கையில் இருந்த கரண்டியின் காய்ந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினாள். “ஆலங்கிணத்துல எங்க வீட்டுச் சொவரு விழுந்து, அதுக்கு மேல ஆடாதொடை மொளச்சிக் கெடக்கு. அங்க எனக்கு ஒரு மனுசரும் கெடையாது. இது அங்க போயி நின்னுச்சின்னா, நான் இத்தன வருசம் இங்க இருந்தது இருந்ததே இல்லன்னு ஆயிருமுல்லா? தெரிஞ்சிக்கிடவே வேணாம் தாயி. தெரியாமலே இருந்துட்டுப் போறேன்.”

பேச்சித்தாய் ஓடையைக் கையால் காட்டினார்.

“அந்தப் பலகையப் பிடிச்சிக்கிட்டு நீ தண்ணிக்குள்ள நின்னத நான் இக்கரையில நின்னு பாத்தேன். இந்த ஐப்பசிக்கு இன்னொரு பிள்ள மாசமா இருக்கா” என்றார். “நான் ஒன்னக் கட்டாயப்படுத்தல.”

முப்பிடாதி டெண்டர் போட்டாள். போட்டது அவள் ஒருத்திதான்.

ஆனால் சான்று வேண்டுமே. கிராம நிர்வாக அலுவலர் தாணுமாலயன் கெட்டவர் இல்லை, ஆனால் கோப்பைக் கண்டால் பயப்படுகிற மனிதர். “அவங்க இருக்கது ஓடைப் புறம்போக்கு. கதவெண் கெடையாது, வீட்டுத் தீர்வை கெடையாது, பதிவுல இருக்கது வேற ஊரு. எதை வச்சுத் தலைவரே நான் எழுத?” என்று கேட்டார். சரி, வேலையை இப்போது கொடுப்போம், சான்றை நாற்பத்தோராம் நாள் பார்த்துக்கொள்வோம் என்று பேசி முடித்தார்கள். பாலம் நின்றால் அவள் ஊர்க்காரி. போனால் வெளியூர்க்காரி, பதிவு ரத்தாகும், புறம்போக்கையும் காலி செய்ய வேண்டும். இதைக் கேட்டு முப்பிடாதி தலையை ஆட்டினாள்.

அவள் வேலை செய்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பாறை தட்டுகிறவரை அஸ்திவாரம் தோண்டினாள், மணலைச் சலித்து அதையும் கழுவிப் போட்டாள், கீழக்கரைப் பெண்கள் சட்டி சுமந்தார்கள், ஆண்கள் கம்பி கட்டினார்கள். தளம் போட்ட பிறகு மூன்று வாரம் சாக்கை விரித்து மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றி நனைத்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட தாய் ஈரத்துணி மாற்றுவதைப்போல இருந்தது. ஆடியில் பூஜை போட்ட வேலை ஆவணியில் முடிந்து, பேச்சித்தாய் ரிப்பன் வெட்ட, நாங்கள் நாள் எண்ணத் தொடங்கினோம்.

எண்ணுவதோடு நிறுத்திக்கொண்டோமா என்றால் இல்லை. முப்பத்தைந்தாம் நாள் யாரோ தங்கள் ரேஷன் கார்டை நகல் எடுத்துப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள், இதுதான் ஊர் என்று பாலம் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று. முப்பத்தெட்டாம் நாள் கீழக்கரை ஆண்கள் மாடு கட்டும் கயிறுகளை முறுக்கிப் பாலத்தின் இரண்டு முனையையும் பனைமரத்தில் கட்டினார்கள். முப்பிடாதி வந்து ஒவ்வொரு கயிறாக அவிழ்த்தாள்.

“கட்டிப் போட்டு நிக்குததெல்லாம் நிக்குததாண்ணாச்சி?” என்றாள். அவர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

நாற்பத்தோராம் நாள் விடியும்போது ஊர் முழுக்க இரண்டு கரையிலும் கூடியிருந்தது, டீக்கடைக்காரர் பாய்லரையே அங்கே கொண்டுவந்துவிட்டார். முப்பிடாதியை மட்டும் காணோம். செட்டின் தகரக் கதவு சாத்தியிருந்தது. முந்தின நாளே சாமான்களை ஒரு பழைய சேலையில் மூட்டை கட்டி வைத்துவிட்டாளாம், பாலம் போனால் அதன் பின்னாலேயே போய்விடுவது என்று. அது போகிற இடம்தான் தன் இடம் என்றால் பிறகு இங்கே எந்த முகத்தோடு இருப்பது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருந்தாள்.

கிழக்கே வெளுத்தது. பாலம் நின்றது. சூரியனின் முதல் விளிம்பு தெரிந்தது, அப்போதும் பாலம் நின்றது, ஒருவன் விசிலடிக்க வாயில் விரலை வைத்துவிட்டான், அந்த நேரம் பார்த்து அஸ்திவாரத்துக்குள் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. பாலம் கீழக்கரைக் காலைத் தூக்கியது. பிறகு மேலக்கரைக் காலையும் தூக்கியது.

கீழக்கரைப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். நான் பொய் சொல்லவில்லை, நானும் அழுதேன், ஒரு பாலத்துக்காக அழுவோம் என்று யார் நினைத்தார்கள். ஆலங்கிணற்றுக்குத் தெற்கே போக வேண்டும். அது தெற்கே திரும்பி ரோட்டைப் பார்த்தது, பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடைக்குள்ளேயே இறங்கி, தண்ணீர் குடித்த மாடு நடப்பதுபோல அவசரமில்லாமல் வடக்கே நடந்தது. நாங்கள் இரண்டு கரையிலும் கூடவே நடந்தோம். நூற்றிருபது அடி, அவ்வளவுதான், தாணுமாலயன் பிறகு சங்கிலி பிடித்து அளந்தார். முப்பிடாதியின் தகரச் செட்டுக்கு நேராக வந்ததும் ஒரு காலை மேலக்கரையில் ஊன்றி, இன்னொரு காலை அவளுடைய வாசலில் மெதுவாக ஊன்றி, இரண்டு தரம் அசைந்து சரிபார்த்துக்கொண்டு, நின்றுவிட்டது.

பேச்சித்தாய் பாலத்தின் மேலேயே நடந்து அக்கரைக்குப் போய்த் தகரக் கதவைத் தட்டினார்.

“யக்கா, கதவத் தொற.”

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “எந்தப் பக்கம் போச்சி தாயி? தெக்கயா?”

“தொறந்து பாரு.”

“சொல்லிருங்க. நான் மூட்டையோடதான் இருக்கேன்.”

“பாத்துத் தொறக்கா, இடிக்கும்.”

கதவு பாதி திறந்து எதிலோ இடித்து நின்றது. அந்த இடுக்கு வழியாக முப்பிடாதி இடுப்பில் மூட்டையோடு வெளியே வந்தாள், வந்தவள் பாலத்தைப் பார்த்தாள். எங்களைப் பார்க்கவே இல்லை. தான் பூசிய கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள், ஈரம் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பவளைப்போல அழுத்திப் பார்த்தாள்.

“இங்க என்ன செய்யுத நீ?” என்று பாலத்திடம் கேட்டாள்.

கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். புருஷனை எரித்த அன்றுகூட அவள் அழுததை நாங்கள் பார்த்ததில்லை, அன்றைக்கு நாங்கள் யாரும் பக்கத்தில் போகவும் இல்லை. இந்தத் தடவை போனோம்.

தாணுமாலயன் சங்கிலியும் புல எண் வரைபடமும் வைத்துக்கொண்டு கரையில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். பேரூராட்சியின் செயல் அலுவலர் அவர் காதோரம் போய், கட்டிய இடத்திலிருந்து போய்விட்டதே சார், நாம் பேசியபடி, போனால் வெளியூர்க்காரிதானே என்றார். தாணுமாலயன் அவரை நிமிர்ந்து பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்குக் கோப்பின் மேல் பயம் போயிருந்தது.

“போயிருக்கு சார். கட்டுனவங்க வீட்டுக்குப் போயிருக்கு. வீடு நெடுங்குளத்துல இருக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?” என்றார். அங்கேயே கைப்பிடிச் சுவரில் தாளை வைத்துச் சான்று எழுதினார். கதவெண் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'பாலம் வந்து நிற்கும் வீடு' என்று எழுதி முத்திரை குத்தினார்.

நேராகப் போய்க்கொண்டிருந்த எங்கள் கிழக்கு ரோடு இப்போது ஓடைக்கு முன்னால் ஒரு வளைவு வளைந்து போவதற்கு இதுதான் காரணம், புதிதாக வரும் டிரைவர்கள் எந்த இஞ்சினியர் போட்டான் இந்த ரோட்டை என்று திட்டுவார்கள், திட்டட்டும். அதற்குப் பிறகு முப்பிடாதி கட்டிய தண்ணீர்த் தொட்டியும், பஸ் ஸ்டாப்பும், சமுதாயக் கூடமும் நாற்பத்தோராம் நாள் நாற்பத்தோராம் நாளாகக் கிளம்பி அவள் வாசலுக்கே வந்தன. எல்லாம் அங்கேயே போனால் ஊர் என்ன செய்யும் என்று செயல் அலுவலர் கவலைப்பட்டபோது, ஊரும் அங்க போவும் என்று பேச்சித்தாய் சொன்னார், அப்படியே போனது, இன்றைக்கு நெடுங்குளத்தின் நடு ஊர் கீழக்கரைதான். ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்குக் காலையில், ஓடைமணலில் பிறந்த அந்தப் பிள்ளையின் தாய் இடுப்பில் பிள்ளையோடும் கையில் ஒரு தூக்குவாளிப் பாலோடும் வந்து நின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஊர் தெரியாத ஐந்து பேருக்குக் கடைத்தெருவில் வீடு பிடித்துப் பால் காய்ச்சவைத்தோம், ஒன்பது வருஷமாக இங்கேயே இருந்த ஒருத்திக்கு ஒருவரும் பால் காய்ச்சவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

அடுப்பு மூட்டக் கல் கிடைத்தது, சுள்ளி கிடைத்தது, பாத்திரம் மட்டும் இல்லை. ஓடிப் போய் எடுத்து வருகிறோம் என்றார்கள், பால் கொண்டுவந்தவள் விடவில்லை. “அவுக வீட்டுப் பாத்திரத்துலதான் காய்ச்சணும்” என்றாள்.

முப்பிடாதியின் பாத்திரம் மூட்டைக்குள் இருந்தது. இனி எங்கே அவிழ்க்கப் போகிறோமோ என்று போட்ட முடிச்சு, இறுகிப்போயிருந்தது, அவள் இழுத்த இழுப்பில் இன்னும் இறுகியது. யாரோ அரிவாளை நீட்டினார்கள். “வேணாம், இருங்க” என்று பல்லால் கடித்து இழுத்து முடிச்சை அவிழ்த்தாள், ஒரு பக்கம் நசுங்கிய அலுமினியப் பாத்திரத்தை எடுத்தாள், ஓடையில் கழுவினாள், அடுப்பில் வைத்தாள். பால் பொங்கி வழிந்து பாதி அடுப்பை அணைத்தது. ஆளுக்கு ஒரு வாய் கிடைத்தது, எங்களுக்குப் போதவில்லை, ஆனாலும் குடித்தோம்.

அன்று சாயங்காலமும் அவள் வழக்கம்போல டீக்கடைக்கு வந்தாள். யாரோ ஒரு வீட்டு அடுப்பு மேடைக்கு அளவு எடுத்துவிட்டு வந்திருந்தாள், முழங்கையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள்.

“என்னக்கா, செட்டுக்கா?” என்று பழக்கத்தில் கேட்டுவிட்டார் கடைக்காரர்.

முப்பிடாதி முந்தானையில் கையைத் துடைத்தாள். “இல்ல, வீட்டுக்கு” என்று சொல்லிவிட்டுப் பாலத்தை நோக்கி நடந்தாள்.